மூன்று அணிகள் ஆடிய கோப்பை

 

நினைவுச் சொற்பொழிவு என்றால் ஒரு நூலைப் பற்றியோ, ஓர் இயக்கத்தைப் பற்றியோ, ஓர் ஆளுமையைப் பற்றியோ பேசுவது வழக்கம். நான் ஒரு கால்பந்துப் போட்டியின் வரலாற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆப்பிரிக்க நாடுகளின் கோப்பை என்று இன்று உலகம் அறிந்த ஆண்கள் கால்பந்துப் போட்டி அது. 1957இல் தொடங்கியது.

இதை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இந்தப் போட்டி பிறந்த வாரத்திலேயே அதன் முன்னால் ஒரு சமரசம் வைக்கப்பட்டது. “நாங்கள் தனியாக ஆடுகிறோம், அவர்கள் தனியாக ஆடட்டும். இருவருக்கும் அணி உண்டு, இருவருக்கும் பந்து உண்டு. இதில் பாகுபாடு எங்கே இருக்கிறது?” என்பதுதான் அந்தச் சமரசத்தின் சாரம். இந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல. “உனக்கும் டீ கொடுத்தேனே, தனி டம்ளரில் கொடுத்தால் என்ன?” என்று கேட்ட டீக்கடைகளை நம் பெற்றோர் அறிவார்கள். “உங்களுக்கென்று சுடுகாடு இருக்கிறதே” என்ற பதில் இன்றும் காதில் விழுகிறது. அதே கேள்வி ஒரு கண்டத்தின் கால்பந்துக்கு முன் வந்தபோது என்ன நடந்தது என்பதைத்தான் பேசப் போகிறேன்.

கார்ட்டூம், 1957

அன்றைய ஆப்பிரிக்காவை மனதில் வையுங்கள். கண்டத்தின் பெரும்பகுதி பிரிட்டன், பிரான்ஸ், பெல்ஜியம், போர்ச்சுகல் ஆகியவற்றின் பிடியில் இருந்தது. சூடான் விடுதலை பெற்று ஓராண்டுதான் ஆகியிருந்தது. கானாவின் கொடி ஏற இன்னும் சில வாரங்கள் இருந்தன. அது 1957 மார்ச் 6. உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவில் ஆப்பிரிக்காவின் குரல் மிகச் சிறியது. எகிப்து, சூடான், எத்தியோப்பியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நான்கு நாடுகள்தான் கண்டத்துக்கென்று ஒரு கூட்டமைப்பை உருவாக்கும் நிலையில் இருந்தன. 1956 ஜூனில் லிஸ்பன் நகரில் ஃபிஃபா மாநாடு கூடியபோது அதற்கான பேச்சு நடந்தது. 1957 பிப்ரவரியில் சூடானின் தலைநகர் கார்ட்டூமில் ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு பிறந்தது. கூடவே முதல் கோப்பையையும் அங்கேயே நடத்துவது என்று முடிவாயிற்று. நான்கு நாடுகள், இரண்டு அரையிறுதி, ஓர் இறுதியாட்டம். எகிப்தும் சூடானும் ஒரு பக்கம். எத்தியோப்பியாவும் தென்னாப்பிரிக்காவும் மறுபக்கம்.

தென்னாப்பிரிக்காவில் 1948இல் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்து நிறஒதுக்கலை அரசக் கொள்கையாக்கியிருந்தது. 1956இல் உள்துறை அமைச்சர் டோங்கெஸ் விளையாட்டுக்கும் அதை விரித்தார். வெள்ளையரும் மற்றவரும் தனித்தனியே ஆட வேண்டும், நாட்டின் பெயரில் கலப்பு அணி போகக் கூடாது என்பது அறிவிப்பு. கார்ட்டூமுக்கு வந்த தென்னாப்பிரிக்கப் பிரதிநிதி ஃபிரெட் ஃபெல், முழுக்க வெள்ளையர் அணியோ, முழுக்கக் கறுப்பர் அணியோ அனுப்பலாம், இரண்டும் கலந்த அணி முடியாது என்ற நிலையை வைத்தார்.

கவனியுங்கள். கறுப்பர் ஆடவே கூடாது என்று அவர் சொல்லவில்லை. கறுப்பர் அணியை அனுப்பவும் தயார் என்றார். பட்டினி கிடந்தவனுக்குத் தனிப் பந்தியில் இலை போடுவதைப் போன்ற சலுகை அது. மற்ற மூன்று நாடுகளும் அதை ஏற்கவில்லை. தென்னாப்பிரிக்கா தானே விலகிக்கொண்டது என்று ஒரு பதிவும், விலக்கப்பட்டது என்று மற்றொரு பதிவும் உண்டு. எப்படியானாலும் கலப்பு அணி வரவில்லை, தென்னாப்பிரிக்காவும் ஆடவில்லை.

அந்த மறுப்புக்கு ஒரு விலை இருந்தது. நான்கே அணிகள் கொண்ட போட்டியில் ஒன்று போனால் மிச்சம் மூன்று. எத்தியோப்பியா ஆடாமலேயே இறுதியாட்டத்துக்குப் போனது. எகிப்து சூடானை 2-1 என்று வென்றது. இறுதியாட்டத்தில் எத்தியோப்பியாவை 4-0 என்று வென்றது. நான்கு கோல்களையும் அத்-திபா என்று அழைக்கப்பட்ட முகமது தியாப் அல் அத்தார் ஒருவரே அடித்தார். ஒரு கண்டத்தின் முதல் கோப்பை இரண்டே ஆட்டங்களில் முடிந்துவிட்டது. 1959இல் கெய்ரோவில் நடந்த இரண்டாவது கோப்பையிலும் அதே மூன்று அணிகள்தான் ஆடின.

பார்க்கிறவர்கள் சிரித்திருக்கலாம். அதிக நாடுகள் இருந்தால்தான் கூட்டமைப்புக்கு மதிப்பு, அதிக ஆட்டம் நடந்தால்தான் நுழைவுச்சீட்டு விற்கும். “முதலில் நடத்திவிடுவோம், பிறகு பேசிச் சரிசெய்துகொள்ளலாம்” என்று அவர்கள் சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் சிறிய கோப்பையைத் தேர்ந்தெடுத்தார்கள்.

மறுத்தவர்கள் யார்?

இங்கே அந்த மூன்று நாடுகளையும் புனிதர்களாக்கிவிடக் கூடாது. எத்தியோப்பியாவில் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1942இல்தான். அங்கே நடந்தது பேரரசர் ஆட்சி. சூடானில் வடக்கின் ஆதிக்கத்துக்கு எதிராகத் தெற்கு 1955இலேயே கிளர்ந்தெழுந்திருந்தது. அடிமை வணிகத்தின் நினைவு அங்கே ஆறாத புண். தங்கள் வீட்டுக்குள் இருந்த ஏற்றத்தாழ்வைக் காணாதவர்கள், அடுத்தவர் வீட்டு நிறஒதுக்கலைச் சரியாகக் கண்டுகொண்டார்கள். பக்கத்து ஊர் அநியாயம் எல்லோருக்கும் தெளிவாகத் தெரியும் என்பது நாம் பட்டு அறிந்த உண்மை.

ஆனாலும் ஒரு கொள்கை எழுதப்பட்டுவிட்டால், அது எழுதியவரின் சொத்தாக மட்டும் இருப்பதில்லை. பிறப்பைக் காரணம் காட்டி ஒருவனை அணியிலிருந்து ஒதுக்கினால் அந்த அணிக்கே இடமில்லை என்பது ஒரு விதி ஆகிவிட்டது. அந்த விதியை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

1962இல் அடிஸ் அபாபாவில் நடந்த மூன்றாவது கோப்பையை எத்தியோப்பியா வென்றது. இறுதியாட்டத்தில் கூடுதல் நேரம் வரை போய் 4-2. பேரரசர் ஹெய்லி செலாசி கையிலிருந்து கோப்பையைப் பெற்ற அணித்தலைவர் லூசியானோ வசாலோ. இத்தாலியத் தந்தைக்கும் எரித்திரியத் தாய்க்கும் பிறந்தவர். இத்தாலியப் பாசிச ஆட்சி எந்தக் கலப்பைக் குற்றமாக்கிச் சட்டம் போட்டதோ, அந்தக் கலப்பில் பிறந்த பிள்ளை. டோங்கெஸ் கொள்கைப்படி பார்த்தால் அவரை எந்த அணியில் வைப்பது? அவரைப் போன்றவர்கள் இருக்கும்வரை தனித்தனி அணி என்ற கணக்கு எங்காவது உடைந்துகொண்டேதான் இருக்கும்.

டர்பனின் மைதானங்கள்

நிறஒதுக்கலை எதிர்த்த கால்பந்தாட்டக்காரர்கள் கார்ட்டூமில் மட்டும் இல்லை, தென்னாப்பிரிக்காவுக்குள்ளேயே இருந்தார்கள். அந்தக் கதையில் தமிழருக்கும் இடம் உண்டு.

சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல், கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அடுத்த ஐம்பது ஆண்டுகள் கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன. அந்தக் கப்பல் பட்டியல்களில் பெயர், வயது, ஊர் ஆகியவற்றோடு சாதிக்கும் ஒரு கட்டம் இருந்தது. நம் சேரிகளிலிருந்து போனவர்களின் சாதிப் பெயரும் அங்கே எழுதப்பட்டிருக்கிறது. கடல் தாண்டிப் போனவர்களை அங்கே நிறம் என்ற புதுக் கட்டம் காத்திருந்தது. வெள்ளையர், ஆப்பிரிக்கர், கலப்பினத்தார், இந்தியர் என்று அரசு ஆட்களைப் பிரித்தது. வசிக்கும் தெரு, படிக்கும் பள்ளி, ஆடும் மைதானம் எல்லாம் அந்தப் பிரிவின்படி.

டர்பனில் இந்தியர்கள் ஆடிய மைதானம் கரிஸ் ஃபவுண்டன். கால்பந்துக்கும் அரசியல் கூட்டங்களுக்கும் அது களம். ஸ்டீவ் பிகோவின் கறுப்புணர்வு இயக்கத்தினர் மொசாம்பிக் விடுதலைப் போராளிகளுக்கு ஆதரவாக 1974 செப்டம்பரில் தடையை மீறிக் கூடியது அங்கேதான்.

இப்போது நான் சொல்லப்போவது மாணவர்கள் முக்கியமாகக் கேட்க வேண்டியது. ஒடுக்கப்பட்டவர்களின் கால்பந்தும் தொடக்கத்தில் பிரிந்துதான் கிடந்தது. ஆப்பிரிக்கருக்கு ஒரு சங்கம், கலப்பினத்தாருக்கு ஒரு சங்கம், இந்தியருக்கு ஒரு சங்கம். ஒரே மைதானத்தில் ஆடினாலும் இனவாரி அணிகளாக மோதினார்கள். 1951இல் இந்த மூன்றும் சேர்ந்து தென்னாப்பிரிக்கக் கால்பந்துச் சம்மேளனத்தை உருவாக்கின. அப்போதும் உள்ளே தனித்தனிச் சங்கங்கள் அப்படியே இருந்தன. வெள்ளையரிடம் “இனம் பார்க்காதே” என்று கேட்கும் அமைப்பு தன் உறுப்பினர்களை இனம் பார்த்துத்தான் வரிசைப்படுத்தியது. இந்த முரண்பாட்டை அவர்களே உணர்ந்து, 1960களின் தொடக்கத்தில் அந்த உட்பிரிவுகளைக் கலைத்தார்கள். அது எளிதாக நடக்கவில்லை. ஒவ்வொரு சங்கத்துக்கும் தலைவர் உண்டு, கோப்பை உண்டு, கணக்குப் புத்தகம் உண்டு. பதவியை விட்டுக்கொடுத்தால்தான் பிரிவு கலையும்.

நம் அமைப்புகளை நினைத்துப் பாருங்கள். உட்சாதிக்கு ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு கொடி என்று நாம் நிற்கும்போது, “நீங்கள் மட்டும் ஒன்றாகவா இருக்கிறீர்கள்?” என்று ஆதிக்க சாதியினர் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு டர்பன்காரர்கள் செயலில் பதில் சொன்னார்கள்.

அதற்கும் அவர்கள் விலை கொடுத்தார்கள். 1961இல் இனம் பாராத தொழில்முறைக் கால்பந்து லீக் ஒன்றைத் தொடங்கினார்கள். மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். வெள்ளையரின் நகராட்சிகள் மைதானம் தர மறுத்தன. ஆட ஆள் இருந்தும், பார்க்கக் கூட்டம் இருந்தும், புல்தரை இல்லாமல் 1966இல் அந்த லீக் நின்றுபோனது. நிலம் யார் கையில் இருக்கிறதோ, ஆட்டமும் அவர் கையில்தான் இருக்கிறது. பஞ்சமி நிலம் பற்றிப் பேசுகிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

“அரசியலைக் கலக்காதீர்கள்”

உலக அரங்கில் என்ன நடந்தது? 1952இல் ஃபிஃபா வெள்ளையரின் சங்கத்துக்கே உறுப்புரிமை கொடுத்திருந்தது. அந்தச் சங்கத்தின் ஆட்டக்காரர்கள் நாட்டின் ஆட்டக்காரர்களில் சிறுபான்மை. இனம் பாராத சம்மேளனம் ஃபிஃபாவுக்கு மனு மேல் மனு எழுதியது. டர்பன் வழக்கறிஞர் ஜார்ஜ் சிங் அந்தப் போராட்டத்தின் முக்கியக் குரல்.

1961இல் ஃபிஃபா தென்னாப்பிரிக்காவை இடைநீக்கம் செய்தது. அதே ஆண்டு இங்கிலாந்தின் ஸ்டான்லி ரௌஸ் அதன் தலைவரானார். 1963 ஜனவரியில் அவர் தென்னாப்பிரிக்காவுக்கு நேரில் போனார். பார்த்துவிட்டு வந்த பிறகு இடைநீக்கம் விலக்கப்பட்டது. அரசின் கொள்கைக்குக் கால்பந்துச் சங்கம் பொறுப்பல்ல, விளையாட்டில் அரசியலைக் கலக்கக் கூடாது என்பது ரௌஸ் தரப்பின் வாதம். வெள்ளையர் சங்கமும் பழைய சமரசத்தைப் புதுத் துணியில் சுற்றிக் கொடுத்தது. 1966 உலகக் கோப்பைக்கு வெள்ளையர் அணி, 1970 உலகக் கோப்பைக்குக் கறுப்பர் அணி! முறை வைத்துத் தேர் இழுக்கலாம், ஆனால் ஒன்றாக வடம் பிடிக்கக் கூடாது என்பதுபோல.

இதற்குள் ஆப்பிரிக்க நாடுகள் வரிசையாக விடுதலை பெற்று ஃபிஃபாவில் சேர்ந்திருந்தன. மூன்று அணிகள் ஆடிய கோப்பை இப்போது அவர்கள் எல்லோரும் கூடும் இடமாகியிருந்தது. 1963இல் கானா கோப்பையை நடத்தி வென்றது. 1965இல் துனிஸ் போய் மீண்டும் வென்றது. கூடிப் பழகியவர்கள் கூடி முடிவெடுக்கவும் பழகினார்கள். 1964இல் டோக்கியோ மாநாட்டில் அவர்களும் ஆசிய நாடுகளும் சேர்ந்து தென்னாப்பிரிக்காவின் இடைநீக்கத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

அடுத்து 1966 உலகக் கோப்பை வந்தது. 16 இடங்களில் ஆப்பிரிக்கா, ஆசியா, ஓசியானியா மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஓர் இடம். ஐரோப்பாவுக்கு மட்டும் 10. கானாவின் விளையாட்டுத் துறைத் தலைவர் ஓஹெனே ஜான், எத்தியோப்பியாவின் இட்னேகாச்சு தெசெமா போன்றவர்கள் முன்னின்றார்கள். ஆப்பிரிக்க அணிகள் எல்லாம் அந்த உலகக் கோப்பையைப் புறக்கணித்தன. அன்றைய கானா அணி உலகத்தோடு மோதிப் பார்க்கத் தகுதியுள்ள அணி. அந்த ஆட்டக்காரர்களுக்கு அந்த வயது திரும்ப வரவில்லை. புறக்கணிப்பு என்பது யாரோ சிலரின் இளமையைக் கொடுத்து வாங்குவது. அதை மறந்துவிட்டு வெற்றியை மட்டும் பேசக் கூடாது. 1970இலிருந்து ஆப்பிரிக்காவுக்கென்று தனி இடம் கிடைத்தது. முதலில் அதில் ஆடியது மொராக்கோ.

1974இல் ரௌஸ் தேர்தலில் தோற்றார். பிரேசிலின் ஹவேலாஞ்சை வெல்ல வைத்ததில் ஆப்பிரிக்க வாக்குகளுக்குப் பெரும் பங்கு உண்டு. 1976 ஜூன் 16 அன்று சொவேட்டோவில் மாணவர்கள் சுடப்பட்டார்கள். அடுத்த மாதம் மாண்ட்ரியலில் கூடிய ஃபிஃபா தென்னாப்பிரிக்காவை வெளியேற்றியது. கார்ட்டூமில் மூன்று நாடுகள் எடுத்த முடிவுக்கு உலகம் வந்துசேர 19 ஆண்டுகள் ஆயின.

கோப்பை கைக்கு வந்த நாள்

மண்டேலா விடுதலையாகி, நிறஒதுக்கல் சட்டங்கள் உடைந்த பிறகு, 1992 ஜூலை 7 அன்று தென்னாப்பிரிக்கா மீண்டும் சர்வதேசக் கால்பந்து ஆடியது. இடம் டர்பன், எதிரணி கேமரூன். டாக்டர் குமாலோ அடித்த பெனால்டியில் 1-0.

1996இல் கென்யாவால் நடத்த முடியாமல் போன ஆப்பிரிக்கக் கோப்பையைத் தென்னாப்பிரிக்கா நடத்தியது. கார்ட்டூமில் ஆடாமல் போனதிலிருந்து 39 ஆண்டுகள். கறுப்பர், வெள்ளையர், கலப்பினத்தார் என்று முன்பு வகை பிரிக்கப்பட்டவர்கள் ஒரே அணியில் ஆடினார்கள். பிப்ரவரி 3 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் துனிசியாவுக்கு எதிரான இறுதியாட்டத்தில், மாற்று ஆட்டக்காரராக இறங்கிய மார்க் வில்லியம்ஸ் சில நிமிட இடைவெளியில் இரண்டு கோல் அடித்தார். அணியின் சட்டையை அணிந்து வந்த மண்டேலா பக்கத்தில் நிற்க, கோப்பையை உயர்த்திய அணித்தலைவர் நீல் டோவி ஒரு வெள்ளையர். 1957இல் கேட்கப்பட்ட கலப்பு அணி அதுதான். அடுத்த ஆண்டு, புதிய தேசிய லீக்கின் முதல் பட்டத்தை டர்பனின் இந்தியக் குடியிருப்புகளில் வளர்ந்த மேனிங் ரேஞ்சர்ஸ் வென்றது. மைதானம் மறுக்கப்பட்டவர்களின் அணி.

இதோடு கதையை முடித்தால் மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் அதே 1996 கோப்பையில் 16 அணிகள் ஆட வேண்டிய இடத்தில் 15தான் ஆடின. நடப்பு வெற்றியாளர் நைஜீரியா வரவில்லை. ஒகோனி மக்களின் நிலத்துக்காகப் போராடிய எழுத்தாளர் கென் சரோ-விவாவை 1995 நவம்பரில் அங்கிருந்த இராணுவ ஆட்சி தூக்கிலிட்டது. மண்டேலா கண்டித்தார். ஆட்சியாளர்கள் அணியை அனுப்பவில்லை. ஒடுக்குகிறவன் வெள்ளையனாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். 1974 கோப்பையில் ஜயர் நாட்டுக்காக 9 கோல் அடித்தவர் இண்டாயே முலம்பா. ஒரே கோப்பையில் அவ்வளவு கோல் வேறு யாரும் அடித்ததில்லை. 1990களில் அவர் தன் நாட்டில் சுடப்பட்டு, உயிர் தப்பி, அகதியாகத் தென்னாப்பிரிக்கா போனார். கேப் டவுனின் ஏழைக் குடியிருப்பில் வாழ்ந்தார். 1998 கோப்பையின்போது அவர் இறந்துவிட்டதாக எண்ணி மைதானத்தில் ஒரு நிமிட மௌன அஞ்சலி செலுத்தினார்கள். அவர் உயிரோடு இருந்தார். 2019இல்தான் இறந்தார். கோப்பை கண்டத்துக்குக் கிடைத்தது. அதை வாங்கிக் கொடுத்தவனின் அடுப்பு எரிந்ததா என்று யாரும் பார்க்கவில்லை.

மீண்டும் டர்பன், 2001

1946இல், விடுதலைக்கு முன்பே, தென்னாப்பிரிக்காவில் இந்தியர் நடத்தப்படும் விதம் குறித்து இந்தியா ஐ.நா. சபையில் புகார் கொடுத்தது. “இது எங்கள் உள்நாட்டு விவகாரம், வெளியார் தலையிட முடியாது” என்று தென்னாப்பிரிக்கா வாதாடியது. இந்தியா அதை ஏற்கவில்லை. அந்த நாட்டுடன் வணிக உறவையும் அதே ஆண்டு துண்டித்தது. நாம் பெருமைப்பட வேண்டிய செயல்.

55 ஆண்டுகள் கழித்து, 2001 ஆகஸ்ட் இறுதியில், இனவெறிக்கு எதிரான ஐ.நா. உலக மாநாடு கூடியது. கூடிய ஊர் டர்பன். நம் தோழர்கள் அங்கே போனார்கள். சாதியும் பிறப்பின் பேரால் நடக்கும் ஒதுக்கல்தான், அதைத் தீர்மானத்தில் எழுதுங்கள் என்று கேட்டார்கள். இந்திய அரசு எதிர்த்தது. சாதி இனமல்ல, அது எங்கள் உள்நாட்டு விவகாரம், எங்கள் அரசியல் சட்டமே பார்த்துக்கொள்ளும் என்றது. தொண்டு அமைப்புகளின் அறிக்கையில் சாதி இடம்பெற்றது; அரசுகளின் அறிக்கையில் அந்தச் சொல்லே வரவில்லை. 1946இல் தென்னாப்பிரிக்கா சொன்னபோது செல்லாத வாதம், 2001இல் நம்மிடம் சொல்லப்பட்டபோது மட்டும் எப்படிச் செல்லும்? அடுத்த ஆண்டே, இனப்பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு, வம்சாவளியின் பேரால் காட்டும் பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று தன் பொதுப் பரிந்துரையில் தெளிவாக எழுதியது.

தோழர்களே, இந்தக் கோப்பையின் வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள மூன்று செய்திகள் இருக்கின்றன. தனித்தனியாகத் தருகிறோம் என்று யார் சொன்னாலும், எதைச் சொன்னாலும், முதலில் அதை மறுக்கப் பழக வேண்டும். அதனால் நம் கூட்டம் சிறியதாகிவிடும் என்ற அச்சம் வேண்டாம், மூன்று அணிகளோடும் தொடங்கலாம். ஒன்றாக ஆட வேண்டும் என்று வெளியே கேட்கிறவர்கள், தங்கள் சங்கத்துக்குள் இருக்கும் தடுப்புகளை எடுக்க வேண்டும். மறுப்புக்கு யார் தங்கள் வாழ்நாளை விலையாகக் கொடுக்கிறார்கள் என்பதைக் கணக்கில் வைத்து, அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

உங்கள் ஊரில் பொங்கலுக்குக் கால்பந்தோ கபடியோ கிரிக்கெட்டோ போட்டி நடக்கும். ஊருக்கு ஓர் அணி, சேரிக்கு ஓர் அணி என்றுதான் பல இடங்களில் பெயர் கொடுக்கிறார்கள். இந்த ஆண்டு பெயர் கொடுக்கப் போகும்போது ஒரே அணியாகக் கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். என்ன பதில் வருகிறது என்பதை எழுதி வையுங்கள். அதுவும் வரலாறுதான்.